ஒரு கொப்பி, நாலு பட்டியல்: எக்ஸ்எஸ்எல்ரி என்ன செய்கிறது?

எங்கள் கமக்கார அமைப்பின் காணிக் கணக்கு நீண்ட காலம் ஒரு சீ.ஆர். கொப்பியில்தான் இருந்தது. சிறுபோகம் வரும் முன்னர் அந்தக் கொப்பியை விரித்து வைத்து, அதே விபரத்தை நாலு தரம் எழுத வேண்டும். தண்ணீர் முறைக்கு வாய்க்கால் வாரியாக ஒரு பட்டியல். உரத்துக்கு ஏக்கர் வாரியாக ஒன்று. விதைநெல்லுக்கு இனம் வாரியாக ஒன்று. அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்தில் இன்னொன்று. கூட்டத்துக்குப் பிறகு ஒருவர் வந்து "அரை ஏக்கர் குறைத்துப் போடுங்கோ" என்றால் நாலிலும் திருத்த வேண்டும். மூன்றில் திருத்தி ஒன்றில் மறப்போம். மிச்சக் கதை வாய்க்கால் கரையில் நடக்கும்.

இந்த நாலு தரம் எழுதுகிற வேலையைக் கணினியிடம் தள்ளிவிடத் தேடியபோதுதான் எக்ஸ்எஸ்எல்ரி (XSLT) என்ற கணினி மொழி கையில் கிடைத்தது. (இந்தியாவில் எக்ஸ்எஸ்எல்டி என்று எழுதுவார்கள். ரிக்கெற்றுக்கும் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.) ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். "எக்ஸ்எம்எல்லுக்கு நிறம் பூசுகிற சாமான்" என்றார் ஒருவர். "உங்கள் ஃபைலை வேறு ஃபைலாக மாற்றிவிடும், கவனம்" என்றார் இன்னொருவர். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பெடியன் ஒருவன், "அண்ணை, அது ஒரு புரோகிராம். மேலே தொடங்கிக் கீழே வரைக்கும் வரி வரியாக ஓடும்" என்றான். மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மூன்றையும் நம்பி நான் நாட்களை வீணாக்கினேன்.

## முதலில் எக்ஸ்எம்எல்

கொப்பியில் "2 – 2 – பிஜி 300" என்று ஒரு வரி. எழுதினவருக்கு முதல் 2 காணி இலக்கம், அடுத்த 2 ஏக்கர் என்று தெரியும். அவர் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் பார்த்தால் எந்த 2 எது என்று தலையைச் சொறிவார். 1998இல் டபிள்யூ3சி என்ற இணையத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட எக்ஸ்எம்எல் இந்தச் சிக்கலுக்கு ஒரு எளிய வழி சொன்னது: ஒவ்வொரு விபரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் அது என்ன என்று எழுதிவை.

<காணிப்பதிவு>
  <வாய்க்கால் பெயர்="இடதுகரை-3">
    <காணி இலக்கம்="2">
      <ஏக்கர்>2</ஏக்கர>
      <நெல்>பிஜி 300</நெல்>
    </காணி>
    <காணி இலக்கம்="10">
      <ஏக்கர்>1.5</ஏக்கர்>
      <நெல்>ஏ.ரி. 362</நெல்>
    </காணி>
  </வாய்க்கால்>
  <வாய்க்கால் பெயர்="வலதுகரை-1">
    <காணி இலக்கம்="7">
      <ஏக்கர்>6</ஏக்கர்>
      <நெல்>பிஜி 300</நெல்>
    </காணி>
  </வாய்க்கால்>
</காணிப்பதிவு>

மேலே ஒரு பிழை வைத்திருக்கிறேன், கண்டீர்களா? முதல் காணியில் ஏக்கரை மூடுகிற இடத்தில் ஒரு குற்று விடுபட்டிருக்கிறது. திறந்த பெயர் "ஏக்கர்", மூடின பெயர் "ஏக்கர". மனிதர் இதை மன்னிப்பார், எக்ஸ்எம்எல் மன்னிக்காது. ஃபைல் முழுவதையுமே வாசிக்க மறுத்துவிடும். அந்தக் குற்றைப் போட்டுவிட்டு மேலே போவோம்.

கூர் அடைப்புக்குள் இருப்பது குறிச்சொல். திறக்கும் குறிச்சொல்லில் தொடங்கி மூடும் குறிச்சொல் வரைக்கும் உள்ள முழுத் துண்டும் உறுப்பு. திறக்கும் குறிச்சொல்லுக்குள்ளேயே ஒட்டிவைத்த இலக்கம்="2" போன்றது பண்பு. குறிச்சொற்கள் தமிழில் இருப்பது இந்தக் கட்டுரைக்காகச் செய்த அலங்காரம் அல்ல. எக்ஸ்எம்எல் யுனிகோடை ஏற்கிறது. பெயருக்குள் இடைவெளி விடாமல், இலக்கத்தில் தொடங்காமல் எழுதினால் தமிழ்ப் பெயர் முறைப்படி செல்லும். ஆட்களின் பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தண்ணீர்க் கணக்கில் பெயர் வந்தால் ஊரில் கதை வரும்.

இந்த ஃபைலில் எழுத்து பெரிதா சிறிதா, எது மேலே எது கீழே என்ற பேச்சே இல்லை என்பதையும் பாருங்கள். கொப்பிக்குள் விபரம் மட்டும்தான்.

## மரம் என்று சொல்வார்கள், நான் வாய்க்கால் என்கிறேன்

கணினி இந்த ஃபைலை வாசித்தபின் எழுத்துக் கோவையாக நினைவில் வைப்பதில்லை. மரமாக வைக்கிறது. புத்தகங்களில் வேர் மேலேயும் இலை கீழேயுமாக ஒரு தலைகீழ் மரம் வரைந்திருப்பார்கள். வன்னியில் வளர்ந்தவருக்கு அந்தப் படம் தேவையில்லை. இரணைமடுக் குளத்தில் துருசு திறந்தால் தண்ணீர் இடதுகரை, வலதுகரை என்று இரண்டு பெரிய வாய்க்கால்களில் இறங்குகிறது. அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்கள், அவற்றிலிருந்து வயல்கள். ஒரு வயலில் நின்று தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கி நடந்தால், சுற்றாமல் குளத்துக்கே போய்ச் சேரலாம்.

எக்ஸ்எம்எல் மரமும் அப்படித்தான். காணிப்பதிவு குளம். அதிலிருந்து இரண்டு வாய்க்கால்கள். வாய்க்காலிலிருந்து காணிகள். காணிக்குள் ஏக்கர், நெல். அவற்றின் முடிவில் "2", "பிஜி 300" என்ற எழுத்து. ஓர் உறுப்புக்கு மேலே ஒரேயொரு தாய், கீழே எத்தனை பிள்ளைகளும் இருக்கலாம்.

ஒப்புமைக்கு ஒரு எல்லை உண்டு. தண்ணீர் பாய்ந்தால் குளம் இறங்கும். மரத்தை எத்தனை தரம் வாசித்தாலும் ஒரு சொட்டும் குறையாது.

## கொப்பி அப்படியே இருக்கும்

"ஃபைலை மாற்றிவிடும்" என்ற பயத்தை இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனால் அரிசியும் தவிடும் வரும், நெல் திரும்பி வராது. எக்ஸ்எஸ்எல்ரி மில் அல்ல. கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதுக் கடதாசியில் பட்டியல் எழுதுகிற எழுத்தர் அது. எழுதி முடித்தபின் கொப்பி இருந்தபடியே இருக்கும்.

எழுத்தருக்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று கொப்பி, அதாவது மூல எக்ஸ்எம்எல். மற்றது, எதைக் கண்டால் எப்படி எழுதுவது என்ற குறிப்புத்தாள். அந்தக் குறிப்புத்தாளின் பெயர் ஸ்ரைல்ஷீற். இரண்டையும் வாங்கிப் புதுப் பட்டியல் எழுதித் தருகிற மென்பொருளின் பெயர் செயலி. வருகிற பட்டியல் இணையப் பக்கமாக இருக்கலாம், வெறும் எழுத்தாக இருக்கலாம், இன்னொரு எக்ஸ்எம்எல்லாகவும் இருக்கலாம்.

ஸ்ரைல்ஷீற்றும் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல்தான். அதனால் மேலே சொன்ன திறந்தால் மூடு என்ற சட்டம் அதற்கும் உண்டு. தொடக்கத்தில் இது எரிச்சல் தரும். ஆனால் ஸ்ரைல்ஷீற்றையே இன்னொரு ஸ்ரைல்ஷீற்றால் வாசிக்கவும் எழுதவும் முடிவது இதனால்தான்.

இதுவரை வந்தது: எக்ஸ்எம்எல் விபரத்துக்குப் பெயர் வைக்கிறது. கணினி அதை வாய்க்கால் போலக் கிளைகளாகப் பார்க்கிறது. எக்ஸ்எஸ்எல்ரி அந்தக் கிளைகளைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுதுகிறது.

## கதவடியில் நிற்கிற விதிகள்

இனித்தான் முக்கிய இடம். பெடியன் சொன்ன "வரி வரியாக ஓடும்" என்ற விளக்கம் உடைகிற இடமும் இதுதான்.

ஸ்ரைல்ஷீற்றுக்குள் இருப்பவை கட்டளைகளின் வரிசை அல்ல. "இதைக் கண்டால் இதை எழுது" என்ற விதிகள். ஒவ்வொரு விதிக்கும் ரெம்பிளேற் என்று பெயர், தமிழில் வார்ப்புரு என்பார்கள். வாய்க்காலின் ஒவ்வொரு கதவடியிலும் ஓர் ஆள் நிற்பதாக நினையுங்கள். தண்ணீர் தன்னிடம் வரும்வரை அவர் சும்மா நிற்பார். வந்ததும் தன் வேலையைச் செய்வார், விரும்பினால் கதவைத் திறந்து கீழே விடுவார். கீழே யார் நிற்கிறார், அவர் என்ன செய்வார் என்பது இவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

தண்ணீர் முறைப் பட்டியலுக்கு என் விதிகள் மூன்று. உண்மை ஃபைலில் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே பேச்சில் எழுதுகிறேன்.

காணிப்பதிவு வந்தால்:
  "சிறுபோகத் தண்ணீர் முறை" என்று எழுது
  கதவைத் திற

வாய்க்கால் வந்தால்:
  அதன் பெயரைத் தலைப்பாக எழுது
  கதவைத் திற

காணி வந்தால்:
  "காணி", இலக்கம், ஏக்கர், எல்லாம் ஒரே வரியில் எழுது

"வந்தால்" என்ற இடத்தில் உண்மை ஃபைலில் இருப்பது மட்ச் என்ற பண்பு. கொப்பியில் உள்ளதை எடுத்து "எழுது" என்பதற்கு வல்யூ-ஒஃப். "கதவைத் திற" என்பதற்கு அப்ளை-ரெம்பிளேற்ஸ். இந்த மூன்று சொல்லும் பிடிபட்டால் எக்ஸ்எஸ்எல்ரியின் பெரும்பகுதி பிடிபட்ட மாதிரி.

செயலி குளத்தில் தொடங்குகிறது. காணிப்பதிவு வருகிறது. அதற்குரிய ஆள் தலைப்பை எழுதிக் கதவைத் திறக்கிறார். இடதுகரை-3 வாய்க்கால் வருகிறது. அதற்குரியவர் பெயரை எழுதித் திறக்கிறார். காணி 2 வருகிறது, ஒரு வரி எழுதப்படுகிறது. காணி 10 வருகிறது, இன்னொரு வரி. அந்தக் கிளை முடிந்ததும் வலதுகரை-1, அதன் காணி 7. கடைசியில் கடதாசியில் இருப்பது இது:

சிறுபோகத் தண்ணீர் முறை
இடதுகரை-3
காணி 2 – 2 ஏக்கர்
காணி 10 – 1.5 ஏக்கர்
வலதுகரை-1
காணி 7 – 6 ஏக்கர்

நெல் இனம் எங்கே போனது? காணிக்குரிய ஆள் கதவைத் திறக்கவில்லை. தனக்குத் தேவையான ஏக்கரைத் தானே எட்டி எடுத்து எழுதிவிட்டு நின்றுவிட்டார். அதனால் நெல்லுக்குத் தண்ணீர் போகவே இல்லை. எக்ஸ்எஸ்எல்ரியில் ஒன்றை அழிப்பது என்று தனி வேலை இல்லை. கதவைத் திறக்காவிட்டால் அந்தக் கிளை பட்டியலில் வராது, அவ்வளவுதான்.

விதிகளை ஸ்ரைல்ஷீற்றில் எந்த வரிசையில் எழுதினாலும் முடிவு இதுவே. காணி விதியை மேலேயும் காணிப்பதிவு விதியைக் கீழேயும் போட்டுப் பாருங்கள், ஒன்றும் மாறாது. என்ன வரிசையில் வேலை நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது குறிப்புத்தாள் அல்ல, தண்ணீர் வருகிற வழி. மற்றப் புரோகிராம் மொழிகளில் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

ஒரே காணிக்கு இரண்டு விதி பொருந்தினால்? உதாரணமாக, "காணி வந்தால்" என்று ஒன்று, "5 ஏக்கருக்கு மேற்பட்ட காணி வந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடு" என்று இன்னொன்று. காணி 7 இரண்டுக்கும் பொருந்தும். நிபந்தனை போட்ட விதி வெல்லும், மற்றது பேசாமல் இருக்கும். பொதுவிதியைத் தொடாமல் விதிவிலக்கை மட்டும் பக்கத்தில் எழுதிவைக்கலாம். எனக்கு எக்ஸ்எஸ்எல்ரியில் பிடித்த குணம் இது.

போர்-ஈச் என்றொரு கட்டளையும் உண்டு. "ஒவ்வொரு காணியாக எடுத்து இதைச் செய்" என்று ஒரே விதிக்குள் எல்லாவற்றையும் அடக்கலாம். புதியவர்கள் அதைக் கண்டதும் அதையே பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது பழகின முகம். சின்னப் பட்டியலுக்கு அது போதும். ஆனால் முழு ஸ்ரைல்ஷீற்றையும் அதாலேயே எழுதினால், குளத்தடியில் நிற்கிற ஒரே ஆள் எல்லாக் கதவுக்கும் தானே ஓடித் திரிகிற மாதிரி ஆகும். கொப்பியின் அமைப்புக் கொஞ்சம் மாறினாலும் அவர் களைத்துப்போவார்.

## ஆளில்லாத கதவு

முதல் முறை நான் அச்சடித்துக் கொண்டுபோன பட்டியலைப் பார்த்து ஓர் அலுவலகத்தில் சிரித்தார்கள். தலைப்புகள் சரி. காணி வரிகளின் இடத்தில் "2 பிஜி 300 1.5 ஏ.ரி. 362" என்று கொட்டிக் கிடந்தது. காணி இலக்கம் ஒன்றும் இல்லை. செயலி எந்தப் பிழையும் சொல்லவில்லை, சத்தமில்லாமல் வேலையை முடித்திருந்தது.

பிழை என்னுடையதுதான். விதியில் "காணி" என்பதற்குப் பதில் "கானி" என்று தட்டியிருக்கிறேன். கொப்பியில் "கானி" என்று ஒன்று இல்லை. அதனால் அந்த விதி கடைசி வரைக்கும் யாருக்காகவோ காத்து நின்றது. காணியின் கதவடியிலோ ஆள் இல்லை.

ஆள் இல்லாத கதவு மூடியிருக்கும் என்று நாம் நினைப்போம். எக்ஸ்எஸ்எல்ரியில் அது திறந்தே கிடக்கும். நாம் விதி எழுதாத உறுப்புகளுக்கு மொழி தானே ஒரு விதி வைத்திருக்கிறது: ஒன்றும் எழுதாதே, கீழே விடு. கடைசியில் எழுத்து வந்தால் அதற்கும் ஒரு விதி: அப்படியே கடதாசியில் கொட்டு. இவற்றை உள்ளமைந்த விதிகள் என்பார்கள். பண்புகள் இந்த ஓட்டத்தில் சேர்வதில்லை, கூப்பிட்டால் மட்டுமே வரும். அதனால்தான் ஏக்கரும் நெல்லும் கொட்டின, பண்பாக இருந்த காணி இலக்கம் வரவில்லை.

ஒரு விதியும் இல்லாத வெறும் ஸ்ரைல்ஷீற்றை ஓட்டிப் பாருங்கள். வெற்றுத்தாள் வராது. குறிச்சொல் எல்லாம் உதிர்ந்து ஃபைலின் எழுத்து மட்டும் வரும், குறிச்சொற்களுக்கு இடையில் அழகுக்காக விட்ட வெற்றிடங்களும் சேர்ந்தே வரும். இப்போது பட்டியலில் எழுத்துக் கொட்டிக் கிடந்தால் நான் முதலில் பார்ப்பது விதிகளின் பெயர் எழுத்துப்பிழையைத்தான். ணகரம், னகரம், பிறகு ரகரம், றகரம்.

சுருக்கமாக: விதி இருந்தால் விதிப்படி நடக்கும். விதி இல்லாவிட்டால் தண்ணீர் அடிவரை போய் எழுத்தாகக் கொட்டும்.

## வயலுக்கு வழி சொல்வது

"காணி வந்தால்" என்று சொல்வதற்கும், "அதன் ஏக்கரை எட்டி எடு" என்று சொல்வதற்கும் ஒரு முகவரி முறை வேண்டும். அதன் பெயர் எக்ஸ்பாத். ஊருக்கு வழி சொல்வது போலத்தான் அதன் நடை:

காணிப்பதிவு/வாய்க்கால்/காணி

காணிப்பதிவுக்குள் இருக்கிற வாய்க்காலுக்குள் இருக்கிற காணிகள். சாய்கோடு ஒன்று என்றால் ஒரு படி கீழே. இரண்டு சாய்கோடு போட்டு //காணி என்றால், எத்தனை படி கீழே இருந்தாலும் சரி, எல்லாக் காணியும். @இலக்கம் என்றால் இலக்கம் என்ற பண்பு. சதுர அடைப்பு நிபந்தனைக்கு: காணி[ஏக்கர் > 5] என்றால் 5 ஏக்கருக்கு மேற்பட்டவை. இரண்டு புள்ளி ஒரு படி மேலே, அதனால் காணியில் நின்று ../@பெயர் என்று கேட்டால் அதன் வாய்க்காலின் பெயர் வரும்.

கவனிக்க வேண்டியது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. பரந்தன் சந்தியில் நிற்பவருக்குச் சொல்கிற வழி வேறு, மாங்குளத்தில் நிற்பவருக்குச் சொல்கிற வழி வேறு. காணி விதிக்குள் நிற்கும்போது வெறும் "ஏக்கர்" என்றாலே போதும். அங்கே நின்றுகொண்டு "காணி/ஏக்கர்" என்று எழுதினால், காணிக்குள் இன்னொரு காணியைத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கும். பாதுகாப்புக்கு என்று குளத்திலிருந்தே முழு முகவரி எழுதுவார்கள். அது எல்லா ஏக்கரையும் பிடிக்கும், ஆனால் எக்ஸ்எஸ்எல்ரி 1.0இல் வல்யூ-ஒஃப் அவற்றில் முதலாவதை மட்டுமே எழுதும். பட்டியலில் எல்லோருக்கும் 2 ஏக்கர் என்று வரும். அப்படியான பட்டியலை ஒட்டினால் 6 ஏக்கர்க்காரர் சும்மா இருப்பாரா?

## கூட்டுக் கணக்கு

உரப் பட்டியலின் அடியில் மொத்த ஏக்கர் வேண்டும். மற்ற மொழிகளில் பழகியவர் ஒரு மாறியை எடுத்துப் பூச்சியத்தில் வைத்து, ஒவ்வொரு காணிக்கும் கூட்டிக்கொண்டே போகப் பார்ப்பார். எக்ஸ்எஸ்எல்ரி விடாது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. கதவடியில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். ஒரே துண்டுக் கடதாசியை எல்லோரும் திருத்தத் தொடங்கினால் யார் முந்தி, யார் பிந்தி என்ற சண்டை வரும்.

மொத்தம் வேண்டுமானால் மரத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும்: //ஏக்கர் எல்லாவற்றினதும் கூட்டுத்தொகை என்ன? எக்ஸ்பாத்தில் இதற்கு சம் என்ற செயற்பாடு இருக்கிறது. எங்கள் மாதிரிக்கு விடை 9.5. எத்தனை காணி என்று கேட்க கவுன்ற்.

## 10 ஏன் 2க்கு முன்னால் வருகிறது

வரிசைப்படுத்த சொர்ட் என்ற கட்டளை உண்டு. காணி இலக்கப்படி அடுக்கு என்றேன். 10 முதலிலும் 2 பிறகும் வந்தது. சொர்ட் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் எழுத்தாகவே பார்க்கும், எழுத்தாகப் பார்த்தால் "1" என்பது "2"க்கு முன்னால்தானே. "இது இலக்கம்" என்று ஒரு பண்பு போட்டால் சரியாகிவிடும்.

தமிழ்ச் சொற்களை அடுக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. யுனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிற எண்கள் நம் அரிச்சுவடி வரிசையில் இல்லை. அங்கே நகரத்தை அடுத்து னகரம் வந்துவிடுகிறது, ரகரத்தை அடுத்து றகரம், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அதற்குப் பிறகுதான் வகரம். வெறும் எண் வரிசையில் அடுக்கினால் பட்டியல் நம் கண்ணுக்குக் கோணலாகவே தெரியும். சொர்ட்டுக்கு இது தமிழ் என்று சொல்லவும் ஒரு பண்பு இருக்கிறது. அதை மதிப்பதும் மதிக்காததும் செயலியைப் பொறுத்தது. அதனால் பெயர்ப்பட்டியலை அச்சடிக்கும் முன்னர் வகரத்தில் தொடங்கும் ஒரு பெயரும் ளகரம் வரும் ஒரு பெயரும் எங்கே நிற்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

## எந்தப் புளியங்குளம்?

வன்னியில் தடி எடுத்து எறிந்தால் ஏதாவது ஒரு குளத்தின் பெயருள்ள ஊரில் விழும். பாண்டியன்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம், அக்கராயன்குளம். "புளியங்குளம்" என்று மட்டும் சொன்னால் எந்தப் புளியங்குளம் என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. எக்ஸ்எம்எல்லிலும் இரண்டு இடத்திலிருந்து வந்த ஃபைல்களில் ஒரே குறிச்சொல் வேறு வேறு அர்த்தத்தில் இருக்கலாம். அதைப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப்பெயர் ஒட்டுவார்கள். அது பெயர்வெளி.

புதியவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். மூல ஃபைலின் தலையில் ஒரு பெயர்வெளி அறிவிக்கப்பட்டிருந்தால், உள்ளே இருப்பது வெறும் "காணி" அல்ல, "அந்த ஊர்க் காணி". உங்கள் விதி வெறும் காணி என்று கேட்டால் பொருந்தாது. எழுத்துப்பிழையே இல்லாமல் எழுத்துக் கொட்டினால் அடுத்த சந்தேகம் இதுவாக இருக்கட்டும். ஸ்ரைல்ஷீற்றில் அதே பெயர்வெளியை அறிவித்து, ஒரு முன்னொட்டு வைத்துக் கேட்க வேண்டும்.

## பெயர் செய்த குழப்பம்

"நிறம் பூசுகிற சாமான்" என்ற கதை எங்கிருந்து வந்தது? பெயரிலிருந்துதான். எக்ஸ்எஸ்எல் என்ற திட்டம் தொடங்கியபோது, எக்ஸ்எம்எல் ஆவணத்தை அச்சுக்கும் திரைக்கும் ஏற்ற தோற்றத்தில் கொண்டுவருவதே நோக்கம். அதற்கு இரண்டு வேலை வேண்டியிருந்தது: விபரத்தை எடுத்து வேறு ஒழுங்கில் அடுக்குவது, அடுக்கியதற்குத் தோற்றம் கொடுப்பது. முதல் வேலை தனியாகப் பிரிந்து எக்ஸ்எஸ்எல்ரி ஆனது. ஜேம்ஸ் கிளார்க் பதிப்பாசிரியராக இருந்த அதன் 1.0 பதிப்பு 1999 நவம்பர் 16இல் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளிவந்தது, எக்ஸ்பாத்தும் அதே நாளில். தோற்றத்துக்கான பகுதி 2001இல் தனியாக வந்தது. வேலை பிரிந்தாலும் ஸ்ரைல்ஷீற் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இணையப் பக்கத்துக்குத் தோற்றம் கொடுக்கிற சிஎஸ்எஸ்ஸோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். சிஎஸ்எஸ் காணி வரியைப் பச்சை ஆக்கும், எழுத்தைப் பெரிதாக்கும். வாய்க்கால் வாரியாக இருக்கிற விபரத்தை நெல் இனம் வாரியாகத் திரட்டி, ஒவ்வோர் இனத்துக்கும் மொத்த ஏக்கர் போட்டுத் தராது. அது எக்ஸ்எஸ்எல்ரியின் வேலை. இனம் வாரியாகத் திரட்டுவது 1.0இல் கொஞ்சம் சுற்றுவழி. மைக்கேல் கே பதிப்பாசிரியராக இருந்த 2.0 பதிப்பு 2007இல் வந்தபோது அதற்கென்றே ஒரு கட்டளை சேர்ந்தது. 3.0 வந்தது 2017இல்.

எக்ஸ்எஸ்எல்ரி "பழசு" என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் அரை உண்மை. அலுவலகங்களில் தட்டுகிற டாக்எக்ஸ் ஃபைலின் உள்ளே இருப்பது சுருட்டிக் கட்டிய எக்ஸ்எம்எல். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நூற்பட்டியல்களை ஓர் எக்ஸ்எம்எல் வடிவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக எக்ஸ்எஸ்எல்ரி ஸ்ரைல்ஷீற்றுகளையே வெளியிட்டிருக்கிறது. ஓர் எக்ஸ்எம்எல் இன்னொன்றாக வேண்டிய இடத்திலெல்லாம் இந்த மொழிக்கு வேலை இருக்கிறது.

ஆனால் ஓரிடத்தில் கதவு மூடப்படுகிறது. இணைய உலாவிகள் தாங்களே எக்ஸ்எஸ்எல்ரி ஓட்டும், அதுவும் 1.0 மட்டும். நானும் முதலில் எக்ஸ்எம்எல் ஃபைலின் தலையில் ஸ்ரைல்ஷீற்றின் பெயரை எழுதி, உலாவியில் திறந்து பட்டியல் பார்த்தேன். குரோம் உலாவியை உருவாக்குகிறவர்கள் அந்த வசதியை எடுத்துவிடப் போவதாக 2025இல் அறிவித்தார்கள். பயன்படுத்துகிறவர்கள் குறைவு, பழைய நிரலில் பாதுகாப்பு ஓட்டைகள் என்பது அவர்கள் சொன்ன காரணம். எக்ஸ்எஸ்எல்ரி செத்துவிட்டது என்று இதை வைத்துத்தான் இப்போது பேசுகிறார்கள். உலாவிக்கு வெளியே ஓடுகிற செயலிகளை அந்த அறிவிப்புத் தொடவில்லை. 1.0க்கு எக்ஸ்எஸ்எல்ரிப்ரொக் என்ற சிறிய இலவசக் கருவி போதும். புதிய பதிப்புகள் வேண்டுமென்றால் சாக்சன், அதன் இலவசப் பதிப்பே தாராளம்.

இப்போது கொப்பி இருந்த இடத்தில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கிறது, பக்கத்தில் நாலு ஸ்ரைல்ஷீற். பெடியன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, அரை ஏக்கரை ஓரிடத்தில் திருத்தினால் நாலிலும் திருந்துமோ?" என்று கேட்டான். திருத்தி, நாலு கட்டளையையும் அவனையே ஓட்டச் சொன்னேன். திருந்தியது. அறிவித்தல் பலகைப் பட்டியலில் மட்டும் எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்றான். அது சிஎஸ்எஸ் வேலை. அவனிடமே கொடுத்திருக்கிறேன்.